பிரான்சின் வெள்ளைச் சாலைகளுக்காக ஒரு வேண்டுகோள்

பிரான்சில் மிதிவண்டிப் பயணம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஜூலை மாதத்து தூர் த பிரான்ஸ் பந்தயமும் அதன் மலைக் கணவாய்களும்தான். சற்று விவரம் அறிந்தவர்கள் லுவார் ஆற்றையொட்டி ஏறத்தாழ 900 கி.மீ. நீளும் மிதிவண்டித் தடத்தையோ, ரொஸ்கோஃபில் தொடங்கி ஸ்பெயின் எல்லைவரை அட்லாண்டிக் கரையோரம் இறங்கும் வெலோதிசே தடத்தையோ சொல்வார்கள். இவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த நாடு மிதிவண்டிக்காரருக்கென வைத்திருக்கும் பெருஞ்செல்வம், எந்தச் சுற்றுலாக் கையேடும் விளம்பரப்படுத்தாத, மிஷ்லேன் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் வெள்ளை நிறத்தில் மெலிந்து ஓடும் ஊர்ச்சாலைகளே என்பது என் உறுதியான கருத்து. அவற்றைக் காப்பதற்குப் போதிய பணமும் கவனமும் ஒதுக்கப்படவில்லை என்ற கவலையே இதை எழுதத் தூண்டியது.

பிரான்சின் சாலைகள் எல்லாம் சேர்ந்து 10 லட்சம் கி.மீ.க்கு மேல் வரும். அதில் கட்டண நெடுஞ்சாலைகள் உள்ளிட்ட ஓத்தோரூத் விரைவுச் சாலைகளின் பங்கு ஏறத்தாழ 12,000 கி.மீ. மட்டுமே, மாவட்டங்கள் பராமரிக்கும் 'டி' சாலைகள் 3 லட்சத்து 80 ஆயிரம் கி.மீ. அளவிலும், கொம்யூன் எனப்படும் ஊராட்சிகளின் சாலைகள் 7 லட்சம் கி.மீ. அளவிலும் உள்ளன. சரக்கு வண்டிகளும் அவசரக்காரர்களும் அந்தச் சிறு பங்கிலேயே பெரும்பாலும் ஓடிவிடுவதால், மீதிச் சாலைகளில் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கிறது. இவ்வளவு சிறு சாலைகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1836 மே 21 அன்று வந்த சட்டம், ஊர்களை இணைக்கும் பாதைகளைப் பராமரிப்பதை ஒவ்வொரு ஊராட்சிக்கும் கட்டாயக் கடமையாக்கியது; அதற்காக ஊர்மக்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உடலுழைப்பாகவோ அதற்கு ஈடான பணமாகவோ தர வேண்டியிருந்தது. இன்று நாம் சுகமாக உருண்டு செல்லும் பல சாலைகளின் அடியில் அந்த உழவர்களின் உழைப்பு இருக்கிறது.

லொசேர் மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் எனக்கு மிகப் பிடித்த நிலம் அதுதான். பிரான்சின் ஐரோப்பிய நிலப்பரப்பில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் இது. ஏறத்தாழ 76,000 பேர், சதுர கிலோமீட்டருக்குப் பதினைந்து பேர் என்ற அளவில் வாழ்கிறார்கள். கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து தெற்கே மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும் போக்குவரத்து முழுவதும் ஒரு காலத்தில் 'என் 9' (N 9) என்ற தேசியச் சாலை வழியாக இந்த மலைநாட்டைக் கடந்தது. கோடை விடுமுறை நாள்களில் மியோ நகரத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. பிறகு ஏ 75 விரைவுச் சாலை துண்டு துண்டாகத் திறக்கப்பட்டு, 2004 டிசம்பரில் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாண்டும் மியோ பாலமும் முடிந்ததும், பழைய தேசியச் சாலை மாவட்டத்தின் கைக்கு வந்து டி 809 ஆயிற்று. ஒரு தேசத்தின் பாரத்தைத் தாங்குவதற்கென்று போட்ட அகலமான, சீரான ஏற்ற இறக்கங்கள் கொண்ட சாலை இப்போது பெரும்பாலும் உள்ளூர் வண்டிகளுக்கும் நமக்கும் உரியதாக இருக்கிறது. விரைவுச் சாலைகளை வெறுக்கும் மிதிவண்டி நண்பர்களிடம் நான் எப்போதும் இதைச் சொல்வேன்: நம் அமைதியில் ஒரு பகுதியை அவைதாம் நமக்குத் தந்திருக்கின்றன.

அந்த டி 809 சாலையிலிருந்து ஓமோன்-ஓப்ராக்கில் மேற்கே திரும்பினால், டி 987 உங்களை நஸ்பினால் வழியாக ஓப்ராக் மேட்டுநிலத்துக்கு அழைத்துச் செல்லும். மரங்களே அரிதான புல்வெளி, கருங்கற்களை அடுக்கிய வேலிகள், முன்பு பாலாடைக்கட்டி செய்த கற்குடில்கள், கண்ணுக்கு மை தீட்டியது போன்ற ஓப்ராக் மாடுகள் ஆகியவை தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அது போதும். காற்று மட்டும் இரக்கம் காட்டாது. தெற்கே இறங்கி தார்ன் பள்ளத்தாக்கை அடைந்தால் நிலைமை தலைகீழாகிறது. ஆற்றையொட்டிய சாலை அழகு மிக்கதுதான், ஆனால் ஆகஸ்டில் அதில் வீட்டுவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடிக்கும். அதே நாளில், அதே நேரத்தில், பக்கத்துச் சரிவில் வளைந்து வளைந்து ஏறி கோஸ் மெஜான் என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டுக்குப் போய்விட்டால், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் வெள்ளைச் சாலைகள் ஆளரவமற்று நீளும். 1993 முதல் அங்கே மங்கோலியாவின் காட்டுக் குதிரையான பிரெவால்ஸ்கி இனக் குதிரைகள் வளர்க்கப்படுகின்றன. 1981இல் அந்த வட்டாரத்தில் மீண்டும் விடப்பட்ட பிணந்தின்னிக் கழுகினத்தின் வழித்தோன்றல்கள் தலைக்கு மேலே வட்டமிடும். ஓர் ஏற்றம் ஏறும் உழைப்பு, நெரிசலிலிருந்து முழு விடுதலை தருகிறது.

ஆகவே வரைபடத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்ல மிதிவண்டி வாங்குவதைவிட முதன்மையானது என்று நினைக்கிறேன். மிஷ்லேன் வரைபடத்தில் மஞ்சள் சாலைகள் ஊருக்கு ஊர் செல்பவை, வெள்ளை அவற்றினும் சிறியவை. சாலையின் மேல் உள்ள அம்புக்குறி ஏற்றத்தைக் காட்டும்: ஒன்று என்றால் 5 முதல் 9 விழுக்காடு, இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். பச்சைக் கோடு இணைந்து வரும் சாலை அழகிய காட்சிகள் நிறைந்தது என்று பொருள், ஆனால் அந்தப் பச்சையையே நம்பி கோடையில் போகாதீர்கள். எல்லா வாகன ஓட்டிகளும் அதே வரைபடத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

இந்த அமைதியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. சாலைகள் வெறிச்சோடியிருப்பதற்கு ஊர்கள் வெறிச்சோடியதும் ஒரு காரணம். வடகிழக்கே மேஸ் பகுதியிலிருந்து தென்மேற்கே லாந்த் பகுதிவரை மக்கள் குறைந்துபோன ஒரு நீண்ட பட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் வெறுமையின் மூலைவிட்டம் என்றே அழைக்கிறார்கள். பள்ளி மூடப்பட்டு, தபால் நிலையம் மூடப்பட்டு, கடைசியாக ரொட்டிக்கடையும் மூடப்பட்ட ஊர்களின் வழியேதான் நாம் மகிழ்ச்சியாக மிதித்துப் போகிறோம். எனவே பையில் நகரத்துப் பேரங்காடியின் உணவை நிரப்பிக்கொண்டு ஊர்களை வெறுமனே கடந்து செல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கே கடை திறந்திருக்கிறதோ அங்கே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்குங்கள், தேநீரகம் இருந்தால் உட்கார்ந்து ஒரு காப்பி குடியுங்கள். நண்பகல் முதல் இரண்டு மணி வரை பல கடைகள் மூடியிருக்கும், திங்கள்கிழமைகளில் ரொட்டிக்கடை பல ஊர்களில் திறந்திருக்காது, ஞாயிறு பிற்பகலில் எதையும் எதிர்பார்க்க முடியாது. இந்த ஒழுங்குக்கு நம் பயணத்தைப் பொருத்திக்கொள்வதே முறை. தண்ணீர் தீர்ந்துவிட்டால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்கென்று அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. ஊர் எல்லைக்கு வெளியே மிதிவண்டியை முந்துபவர் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஊருக்குள் ஒரு மீட்டர். 2015 முதல், அந்த இடைவெளியைத் தருவதற்காக, எதிரே தெளிவாகத் தெரியும்போது நடுவிலுள்ள தொடர்கோட்டைத் தாண்டவும் ஓட்டுநருக்கு அனுமதி உண்டு. நாட்டுப்புற ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இதைப் பொறுமையோடு கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் 2018 ஜூலையில் நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 80 கி.மீ. என்று குறைக்கப்பட்ட வேக வரம்பை, அடுத்த ஆண்டே வந்த சட்டம் மாவட்டங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட, அவற்றுள் பல மீண்டும் 90க்குப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வளைவுக்கு அப்பால் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அந்தப் பத்து கி.மீ. மிகப் பெரிய வேறுபாடு.

தார் ஊற்றி மேலே பொடி ஜல்லியைத் தூவி விட்டுவிடும் மலிவான பராமரிப்பும் இங்கே வழக்கம். வண்டிகள் ஓடி ஓடி ஜல்லி படியும்வரை இறக்கங்களில் மிகுந்த கவனம் வேண்டும். மெல்லிய பந்தய டயர்களைவிட 28 அல்லது 32 மி.மீ. டயர்களே இந்தச் சாலைகளுக்குப் பொருந்தும். ஆனால் இதற்காக ஊராட்சிகளை நான் குறை சொல்ல மாட்டேன். நூறு இருநூறு பேர் மட்டுமே வாழும் ஓர் ஊராட்சி, பல கிலோமீட்டர் சாலையைத் தன் சொந்த வரவுசெலவிலிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மறுபுறம், மூடப்பட்ட இருப்புப்பாதைகளை, மோட்டார் வண்டிகள் வராத பசும்பாதைகளாக மாற்றும் திட்டங்களுக்கு அரசு, வட்டாரம், மாவட்டம் என்று பல நிலைகளிலிருந்தும் நிதி திரட்டப்படுகிறது. 1997இல் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே முதல் பசும்பாதை திறக்கப்பட்டது நல்ல தொடக்கம்தான். குழந்தைகளோடு செல்பவருக்கும் புதிதாகக் கற்பவருக்கும் அது வேண்டும். நான் கேட்பது, அந்த நிதியில் ஒரு நியாயமான பங்கு, ஏற்கெனவே மிதிவண்டிக்கு உகந்ததாக இருக்கும் ஊர்ச்சாலைகளின் குழிகளை அடைப்பதற்கும் அவற்றை முறையாகக் குறியிடுவதற்கும் போக வேண்டும் என்பதே.

ரயிலையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து ஓமோன்-ஓப்ராக், மர்வெஜோல், மியோ வழியாக பெசியே வரை செல்லும் இருப்புப்பாதையில் வண்டிகள் மிகக் குறைவு. மிதிவண்டியோடு, கார் இல்லாமல், ஓப்ராக்குக்குப் போய்ச் சேர விரும்புபவருக்கு அதைப் போல நேரான வழி வேறில்லை. அமைதியான சாலைகளைத் தேடி ஒவ்வொருவரும் காரின் முதுகில் மிதிவண்டியைக் கட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சாலைகளின் அமைதியை நாமே குலைத்தவர்களாவோம். எனவே மே, ஜூன் மாதங்களிலோ செப்டம்பரிலோ அங்கே போக நினைப்பவர்கள் முதலில் அந்த ரயிலின் நேர அட்டவணையைப் பாருங்கள், அதில் ஏறுங்கள், ரயில் வண்டிகளைக் கூட்டச் சொல்லி, லொசேர் அடங்கிய ஒக்சித்தானி வட்டாரத்தின் மன்றத்துக்கு எழுதுங்கள்.