கேஷ் போட்டால் லினியேஜ் அறுந்துவிடாது

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாகிவிட்டது. "ஸ்பார்க்ல ஃபார் லூப் போட்டா இதுதான் கதி" என்று சிரிப்பு எமோஜியோடு சுற்றுகிறதே, அதேதான். ஸ்பார்க் என்பது பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள். ஒரு வலையில் எதெது ஒன்றோடொன்று இணைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கனெக்டட் காம்பொனென்ட்ஸ் கோடு, இருபதாவது சுற்றைத் தாண்டாமல், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டிரைவரின் மெமரி போதாமல் செத்துக் கிடக்கிறது. கீழே "செக்பாயிண்ட் போடுங்க" என்று, அதாவது நடுவில் வந்த விடையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அங்கிருந்து தொடருங்கள் என்று, ஒரே ஒரு வரி எழுதினேன். கிடைத்த பட்டம் "டாக்குமென்டேஷன் பூசாரி". இருக்கட்டும், பூசாரியே மணியடிக்கிறேன்.

ஸ்பார்க்கில் நீங்கள் எழுதும் லூப் கணக்குப் போடுவதில்லை, போட வேண்டிய கணக்கின் பிளானை நீட்டுகிறது. கவுன்ட், ரைட் மாதிரி ஒரு ஆக்‌ஷன் வரும்வரை எதுவும் ஓடாது. ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கிற புது டேட்டாஃபிரேமின் (ஸ்பார்க்கின் டேபிள்) வயிற்றுக்குள் பழையதன் பிளான் அப்படியே இருக்கிறது. இந்த வம்சாவளிதான் லினியேஜ். அந்தக் கோடில், எந்தப் புள்ளி எந்தக் கூட்டம் என்று சொல்லும் லேபிள் டேபிளை ஒரே சுற்றில் இரண்டு இடத்தில் தொட்டிருக்கிறார்கள்: எட்ஜோடு (இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான இணைப்பு) ஒரு ஜாயின், வந்த மினிமத்தைப் பழைய லேபிளோடு ஒப்பிட இன்னொரு ஜாயின். அப்போது பிளான் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும். 10 சுற்றில் ஆயிரம் மடங்கு, 20 சுற்றில் பத்து லட்சம். டேட்டா சின்னதாகவே இருக்கலாம். கணக்கைப் போடும் எக்ஸிகியூட்டர் எல்லாம் கைகட்டி நிற்கும், டிரைவர் மட்டும் பிளானைப் பிரித்து மேய்ந்துகொண்டிருக்கும். ஸ்பார்க் யூஐ டைம்லைனில் ஒரு ஜாபுக்கும் அடுத்ததுக்கும் நடுவே வெற்றிடம் பெரிதாகிக்கொண்டே போனால் நோய் இதுதான். இதற்கு எக்ஸிகியூட்டர் மெமரியை ஏற்றச் சொன்ன மகான்களுக்கு 300 லைக்காம்.

"நாங்கதான் கேஷ் போட்டிருந்தோமே?" போட்டிருந்தீர்கள், பார்த்தேன். கேஷ் டேட்டாவைப் பிடித்து வைக்கும், லினியேஜை அறுக்காது. எக்ஸிகியூட்டர் ஒன்று போய்விட்டால் அதிலிருந்த பார்ட்டிஷனை (டேட்டாவின் ஒரு துண்டு) திரும்பக் கணக்கிட வேண்டுமே, அதற்காகவே பழைய கதை முழுவதையும் விடாமல் வைத்திருக்கிறது. அறுப்பது செக்பாயிண்ட்தான்.

அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதலில் எச்டிஎஃப்எஸ் மாதிரி எல்லா மெஷினும் எட்டும் இடத்தில் செக்பாயிண்ட் டைரக்டரி. டேட்டாஃபிரேமில் செக்பாயிண்ட் கூப்பிட்டால் திரும்பி வருவது புதிய டேட்டாஃபிரேம். அதை மாறியில் வாங்காமல் சும்மா கூப்பிட்டுவிட்டுப் பழையதையே அடுத்த சுற்றுக்கு அனுப்பினால் டிஸ்க்கில் எழுதிய செலவு மட்டும்தான் மிச்சம். ஆர்டிடி (டேட்டாஃபிரேமுக்கு அடியில் இருக்கும் பழைய வடிவம்) என்றால் நேர்மாறு: அந்த ஆர்டிடி மேலேயே குறித்து வைக்கும், அடுத்த ஆக்‌ஷனில்தான் எழுதும். முன்பே பெர்சிஸ்ட் (கேஷ் போலப் பிடித்து வைப்பது) பண்ணாவிட்டால் ஒரே கணக்கை இரண்டு முறை போடும். பழையதை அன்பெர்சிஸ்ட் பண்ணுவது புதியது கைக்கு வந்த பிறகு. முந்திக்கொண்டால் பின்னாலிருந்து மறுபடி எல்லாம் ஓடும். நடுவில் ரேண்டம் எண் தரும் ரேண்ட் இருந்தால், மறுபடி ஓடும்போது வேறு எண் வந்து விடையே மாறலாம், எரர்கூட வராது. பழைய செக்பாயிண்ட் ஃபைல்களையும் ஸ்பார்க் தானாக அழிக்காது, அந்த செட்டிங் இயல்பாகவே ஆஃப்.

"டிஸ்க்குல எழுதினா ஹடூப்புக்கே திரும்பிப் போன மாதிரிதானே?" நியாயமான கேள்விபோலத் தெரியும். சுற்றுச் சுற்றாக ஓடும் கணக்குகளை ஹடூப்பின் மேப்ரெட்யூஸ் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் இறக்கியதால்தான் பெர்க்லியில் ஸ்பார்க்கே பிறந்தது. ஆனால் ஆர்டிடியை விளக்கிய அதே 2012 கட்டுரையிலேயே, லினியேஜ் நீண்டால் செக்பாயிண்ட் போடு என்று, வலைப்பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்கைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாச் சுற்றிலும் போடச் சொல்லவில்லை. ஸ்பார்க்கின் மெஷின் லேர்னிங் லைப்ரரியான எம்எல்லிப்பின் ஏஎல்எஸ்ஸில் (பரிந்துரைகளுக்கான கணக்கு) இயல்பு இடைவெளி 10 சுற்று. ஸ்பார்க்குக்கான கிராஃப் லைப்ரரி கிராஃப்ஃபிரேம்ஸில் இதே கனெக்டட் காம்பொனென்ட்ஸை வழக்கமாகக் கூப்பிடும்போது, செக்பாயிண்ட் டைரக்டரி வைக்காவிட்டால் ஓடவே மறுக்கும். அந்த லைப்ரரியையும் பூசாரி என்று கூப்பிடுங்களேன். எக்ஸிகியூட்டரிலேயே வைத்துக்கொள்ளும் லோக்கல் செக்பாயிண்ட் வேகம்தான். ஆனால் அது எக்ஸிகியூட்டரோடேயே போய்விடும், எப்போது வேண்டுமானாலும் பிடுங்கப்படும் ஸ்பாட் மெஷினில் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

"ஒரே மெஷின்ல ஓட்டுங்க சார், எதுக்கு கிளஸ்டர்?" இதற்கு மட்டும் சண்டை போட மாட்டேன். 2015இல் மெக்ஷெரி, ஐசார்ட், மர்ரே என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் ஒற்றை த்ரெட் புரோகிராமை வைத்தே பேஜ்ரேங்கிலும் கனெக்டட் காம்பொனென்ட்ஸிலும் பெரிய பெரிய கிளஸ்டர்களின் மானத்தை வாங்கினார்கள். எட்ஜ் எல்லாம் ஒரு மெஷின் மெமரியில் அடங்கினால் அப்படியே செய்யுங்கள். ஆனால் அதைச் சொன்னவரே அடுத்த கமென்ட்டில் "100 நோடுக்கு ஏத்துங்க" என்கிறார். என்னத்தைச் சொல்ல.

உண்மையில் கோபம் அந்தக் கோடு எழுதியவர் மேல் இல்லை. அவர் படித்த கோர்ஸில் வேர்ட் கவுன்ட் இருந்திருக்கும், குரூப்பை இருந்திருக்கும், கடைசியில் சர்ட்டிஃபிகேட்டும் இருந்திருக்கும். லூப் இருந்திருக்காது. பேஜ்ரேங்கின் லிங்க்ஸ் டேபிளை முதலிலேயே ஹாஷ் பார்ட்டிஷன் பண்ணி (கீயை வைத்துத் துண்டு பிரித்து) பெர்சிஸ்ட் பண்ணினால் ஒவ்வொரு சுற்றிலும் அதை மெஷின்களுக்கு இடையே ஷஃபிள் பண்ண வேண்டாம் என்றோ, கீயைத் தொடாத மேப்வேல்யூஸுக்குப் பதில் மேப் போட்டால் அந்தப் பார்ட்டிஷனர் (பிரித்த விதத்தின் விவரம்) தொலைந்துவிடும் என்றோ யார் அவருக்குச் சொன்னது? சொல்ல வருகிறவனுக்குத்தான் பட்டம் சூட்டி அனுப்புகிறீர்களே.

அந்தப் பதிவில் என் கமென்ட்டையும் அழித்துவிட்டார்கள். எக்ஸிகியூட்டர் மெமரி கமென்ட் இன்னும் மேலேயே பின் பண்ணி இருக்கிறது.