ஜீப்புக்கு ஆர் எண்ணெய் அடிக்கிறது?

போன மாசம் மாமி வீட்டு வாசலில நிண்ட மோட்டார் சைக்கிளைக் களவெடுத்துக்கொண்டு போட்டாங்கள். விடிய ஆறரைக்கே நானும் மச்சானும் பொலிசுக்குப் போனம். முறைப்பாட்டை ஒழுங்காத்தான் எழுதிச்சினம். இடத்தை வந்து பாக்க வேணும் எண்டு சார்ஜன்ட்டே சொன்னார். அடுத்த கதை, "ஜீப் எகட்ட தெல் நே." ஜீப்புக்கு எண்ணெய் இல்லையாம். ஓட்டோ ஒண்டு கொண்டுவந்தா வரலாமாம்.

ஜீப் முற்றத்திலதான் நிண்டது, பொனட் நிறைய மாவிலைச் சருகோட.

பிறகென்ன, காலிக்குப் போற வீதியில ஓட்டோ மறிச்சு, சார்ஜன்ட்டை நடுவில இருத்திக் கூட்டிக்கொண்டு போனம். போக, நிக்க, திரும்பக் கொண்டுபோய் விட 1,140 ரூபா. பொலிஸ் ஏறின பயத்தில ஓட்டோக்காரத் தம்பி ஒரு சிக்னலையும் வெட்டேல்ல, அதாலயும் மீற்றர் கொஞ்சம் கூட ஓடியிருக்கும்.

அந்தச் சார்ஜன்ட்டில எனக்குக் கோவம் இல்லை. இரவு ரோந்துக்குச் சிலநேரம் தாங்களே காசு சேர்த்து அடிக்கிறதாச் சொன்னார். நான் நம்புறன். என்ர அப்பா அரச திணைக்களமொண்டில 22 வருசம் சாரதி. ரன்னிங் சார்ட் எண்டா என்னெண்டு சின்னனிலயே எங்களுக்குத் தெரியும். எங்கயிருந்து எங்க, என்னத்துக்கு, மீற்றர் எவ்வளவு, கூடப்போன ஐயாவின்ர கையெழுத்து. மாசக் கடைசியில அப்பா குப்பி விளக்கில இருந்து கூட்டிக் கழிப்பார். லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் ஓடேல்ல எண்டா கேள்வி அவருக்குத்தான். ரோந்து ஜீப்பின்ர வேலை கிலோமீற்றரில அடங்காது. சந்தியில லைற் சுத்த, எஞ்சின் ஓட, ரேடியோவோட மணித்தியாலக் கணக்கா நிக்கிற வண்டியின்ர மீற்றர் அசையாது, எண்ணெய் மட்டும் இறங்கும். இதை யோசிக்காம மாசத்துக்கு இவ்வளவுதான் எண்டு அளந்து குடுத்தா, மாசக் கடைசியில முற்றம்தான்.

விஐபிக்கு முன்னால பின்னால ஓடுற பொலிஸ் வண்டி எண்ணெய் இல்லாம நடுவீதியில நிண்டதை ஆராவது கண்டிருக்கிறியளா?

2022 டிசம்பரில இந்தியக் கடனில 125 ஜீப் பொலிசுக்கு வந்தது. சாவி குடுக்கேக்க படம் எடுப்பினம். டாங்க் நிரப்பேக்க ஆரும் எடுக்கிறேல்ல.

எனக்கு உறைக்கிறது வேற ஒண்டு. 2022 ஜூன் கடைசியில 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூலையில எண்ணெய் அளந்து குடுக்கிற கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. எண்ணெய் அடிக்கிற செட்டில போனை நீட்டினா மிச்சம் எவ்வளவெண்டு அந்த இடத்திலயே காட்டும். 2023 செப்டெம்பர் 1ஆம் திகதியோட நிப்பாட்டும் வரைக்கும் எங்கட ஒவ்வொரு லீற்றரும் இலக்கத் தகட்டோட கணக்கில இருந்தது. ஓட்டோக்காரன்ர அஞ்சு லீற்றரை எண்ணத் தெரிஞ்ச நாட்டுக்கு, பொலிஸ் நிலையத்துக்கு மாசம் எத்தினை லீற்றர், அதில ரோந்துக்கு எவ்வளவு, விஐபி பாதுகாப்புக்குப் போனது எவ்வளவு எண்டு வாசலில ஒரு பலகையில எழுதிப் போட ஏலாதா? திருடனுக்குத் தெரிஞ்சிடுமாம். அவனுக்குத்தான் முதலே தெரியும், ஜீப் நிண்ட இடத்திலயே நிக்குதே.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ இதே கேள்விகளை எழுதிக் குடுத்திருக்கிறன். ஓட்டோப் பற்றுச்சீட்டின்ர பிரதியையும் பின் அடிச்சுத்தான் குடுத்தனான். 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு சொல்ல வேணும். இண்டைக்கு ஆறாவது நாள்.