நீர்க்கட்டணம் உயர்ந்த பிறகும் மீதமிருக்கும் வேலை

2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்திருந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறியது. இறக்குமதியாகும் குளோரினுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் டொலரின் விலை வேறு. இந்த நிலையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் கட்டணத்தைக் கூட்டியதை நான் குறைகூற மாட்டேன். கட்டணம் கூடிவிட்டதால் செலவைப் பற்றிய கேள்வியும் தீர்ந்துவிட்டதாக நடந்துகொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

கொழும்புக்கு லபுகமை, கலட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் புவியீர்ப்பிலேயே இறங்கி வருகிறது. அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரையோ பம்பிகளால் ஏற்றியாக வேண்டும். ஆகவே அந்தத் தண்ணீர் குழாய் வெடிப்பில் வழிந்தோடும்போது அதை ஏற்றிய மின்சாரமும் சேர்ந்தே மண்ணுக்குள் போகிறது; மின்கட்டணம் உயர உயர அதே ஒழுக்கின் நட்டமும் உயர்கிறது. ஒரு காலத்தில் கொழும்பு நகருக்குள் விடப்பட்ட நீரில் ஏறத்தாழ பாதிக்கு வருமானமே கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் நெருக்கடி வந்தால் நிறுவனங்கள் முதலில் கைவைப்பது பராமரிப்புச் செலவில்தான், ஏனெனில் அந்த வெட்டின் விளைவு அந்த ஆண்டுக் கணக்கில் தெரிவதில்லை.

செய்யக்கூடியவை மிகச் சாதாரணமானவை. நள்ளிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், ஊர் உறங்கும் நேரத்தில், ஒரு வட்டாரத்துக்குள் நுழையும் நீரை மானியில் பார்த்தாலே அதில் பெரும்பங்கு ஒழுக்கு என்பது புரியும். அந்நேரத்தில் பாவனை குறைவதால் குழாயில் அழுத்தம் ஏறி ஒழுக்கும் கூடுகிறது. வால்வைக் கொண்டு அழுத்தத்தைக் குறைத்தால், நிலத்தைத் தோண்டாமலேயே நட்டம் குறையும். மின்சாரத்துக்கான உச்ச நேரக் கட்டணம் தொடங்கும் மாலை 6.30க்கு முன்பே தாங்கிகளை நிரப்பி, இரவு 10.30 வரை பம்பிகளை இயன்றவரை நிறுத்தி வைப்பதற்கு, போதிய கொள்ளளவும் ஒழுங்கான நேர அட்டவணையும் இருந்தால் போதும். செலவைக் குறைக்க ஆட்குறைப்பே வழி என்று உரக்கப் பேசுபவர்கள் இதைப் பற்றிப் பேசுவதேயில்லை.

1993இல் 72 சதவீதமாக இருந்த நீரிழப்பை, அதாவது விடப்பட்ட நீரில் வருமானம் தராத பங்கை, போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த கம்போடியாவின் புனோம் பென் நகரம் பின்னாளில் ஏறத்தாழ 6 சதவீதத்துக்குக் கொண்டு வந்தது. வசதி வந்த பிறகு செய்த வேலை அல்ல அது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்குக் கடல்நீரிலிருந்து 24,000 கன மீற்றர் நன்னீரைத் தரக் கூடியது. இவ்வகை நிலையங்களில் ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். ஒவ்வொரு நிலையமும் ஒரு கன மீற்றர் நீருக்குச் செலவிட்ட மின் அலகையும், வட்டார வாரியான நீரிழப்பையும் சபை மாதந்தோறும் வெளியிட வேண்டும்; அடுத்த கட்டண உயர்வைக் கேட்கும்போது அந்தப் பட்டியலையும் மேசையில் வைக்கட்டும்.