கடைக்காரன் என்ன உங்களுக்கு ஃப்ரீ டெமோ காட்டவா கடை போட்டிருக்கான்?

எங்கயாவது கொட்டித் தீத்தாத்தான் எனக்கு தூக்கம் வரும். மதுரைல எங்க அண்ணன் சின்னதா ஒரு மொபைல் கடை வச்சிருக்காரு. இன்னைக்கு ஒருத்தர் வந்தாப்ல, ரெண்டு மூணு போனை கைல வாங்கி கேமரா பாத்து, கேம் ஆடுனா சூடாகுமா, சார்ஜ் நிக்குமான்னு அத்தனையும் அண்ணன்கிட்ட கேட்டு தெளிஞ்சிக்கிட்டு, கடைக்குள்ள நின்னுக்கிட்டே ஆன்லைன்ல ஆர்டர் போடுறாப்ல. கேட்டா "அங்க ரெண்டாயிரம் கம்மிண்ணே"ங்கறாப்ல.

கம்மியாத்தான் இருக்கும்! சில மாடலுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் அண்ணனுக்கு போடுற பில்லு ரேட்டே ஆன்லைன் சேல் விலைய விட அதிகம்ங்க. கொள்முதல் விலைக்கே வித்தாலும் அவன்கூட மோத முடியாது, இதுல கடை வாடகை, கமர்ஷியல் கரண்ட் பில்லு, பையன் சம்பளம் வேற. நல்லா ஓடுற புது மாடல் வந்தா அது ஆன்லைன்ல மட்டும்தானாம், கடைக்கு கேட்டா சரக்கு இல்லையாம்.

இதெல்லாம் மேல இருக்கவங்களுக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க. வெளிநாட்டு முதலீடு இருக்க ஆன்லைன் கம்பெனி, எங்க தளத்துல மட்டும்தான் விக்கணும்னு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2018 டிசம்பர்லயே ரூல் போட்டாச்சு, 2019 பிப்ரவரில அமலுக்கும் வந்தாச்சு. 2020 ஜனவரில அமேசான், ஃப்ளிப்கார்ட் ரெண்டையும் விசாரிக்கச் சொல்லி வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்குற காம்படிஷன் கமிஷன் உத்தரவு போட்டுச்சு, மொபைலை ஆன்லைன்ல மட்டும் இறக்குற எக்ஸ்க்ளூசிவ் லாஞ்ச், அடிமாட்டு தள்ளுபடி எல்லாம் அந்த உத்தரவுக்கு காரணமான புகார்லயே இருக்கு. அடுத்த மாசமே அந்த விசாரணைக்கு கர்நாடகா ஹைகோர்ட்ல ஸ்டே. அது விலகவே 2021 ஜூன் ஆகிப்போச்சு. கோர்ட்ல கேஸ் நடக்குது, அதுவரை வாடகை வேணாம்னு எந்த பில்டிங் ஓனராவது சொல்லுவாரா?

இதுல "காலம் மாறிப்போச்சு, நீங்கதான் அப்டேட் ஆகணும்"னு அட்வைஸ் வேற. என்னத்த அப்டேட் ஆகுறது? அதே விலைக்கு எங்களுக்கும் சரக்கு குடுக்கச் சொல்லுங்க, அப்புறம் பாப்போம் யாரு நல்லா விக்கிறான்னு.

ஆன்லைன்ல வாங்குறது உங்க இஷ்டம், வேணாங்கல. ஆனா அங்க வாங்குன போனை தூக்கிட்டு நேரா இங்கதான வர்றீங்க? டெம்பர் கிளாஸ் ஒட்டணும், பழைய போன்ல இருக்க போட்டோ, வாட்ஸப் எல்லாம் மாத்திக் குடுக்கணும், அம்மாவுக்கு யூஸ் பண்ண சொல்லிக் குடுக்கணும். அவ்ளோ நேரம் உக்காந்து செஞ்சதுக்கு நூத்தம்பது ரூவா கேட்டா, கூகுள்ல கடைக்கு ஒரு ஸ்டார் போட்டுட்டு போறீங்களே, மனசாட்சி வேணாமாங்க?