கலெக்டர் அனுமதி தேவையில்லை

“தமிழ்நாட்டில் மதம் மாறக் கலெக்டர் அனுமதி வேண்டும், 2002 சட்டம் இன்னும் இருக்கிறது” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். காரைக்குடி ஜெராக்ஸ் கடையில் சொன்னார்களாம். சரி, கடைக்காரர் சொல்வதெல்லாம் சட்டமாகிவிடாது.

2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது உண்மை. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு, கொண்டுவந்த ஜெயலலிதா அரசே அதைத் திரும்பப் பெற்றது. அது அமலில் இருந்த காலத்திலும் அதில் ‘அனுமதி’ கிடையாது. மதமாற்றச் சடங்கை நடத்தி வைத்தவர்தான் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டியிருந்தது. அறுபது நாள் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்வது உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டம். வாட்ஸ்அப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன போல.

அரசிதழில் பெயர் மாற்றும்போது கேட்பது மதமாற்றச் சான்று. அதைத் தேவாலயமோ பள்ளிவாசலோ மடமோ தரும், சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் அல்ல.

அதற்காக, தடையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராக (எஸ்சி) இருக்க முடியும். சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டவர்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆதிதிராவிடர் கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் அவர் பிசி பட்டியலுக்குப் போய்விடுவார். எஸ்சி இடஒதுக்கீடு போகும், தனித்தொகுதியில் நிற்கவும் முடியாது. சாதி மட்டும் ஊரில் அப்படியே இருக்கும். நிஜமான தடை இதுதான், இதைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் பேசவில்லை.