200 கருவிகளும் அல்-சஹ்ராவி கண்டுபிடித்தவை அல்ல
“அல்-சஹ்ராவிதான் 200 அறுவைக் கருவிகளையும் கண்டுபிடித்தார், அவருக்கு முன் அறுவை மருத்துவமே இல்லை” என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். இது சரியில்லை. அல்-சஹ்ராவி அந்தக் கால அரபு அறுவை மருத்துவர். கி.பி. 1000 வாக்கில் ஸ்பெயினின் கோர்தோபா பக்கம் அவர் எழுதி முடித்த அத்-தஸ்ரீஃப் என்ற மருத்துவ நூலின் 30ஆம் பகுதியில் சுமார் 200 கருவிகளின் படங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, அவருக்கு முந்தைய கிரேக்க மருத்துவர்களிடமிருந்து வந்தவை. அவருக்கு வெகுகாலம் முன்பே பழைய இந்திய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை 121 கருவிகளைச் சொல்லிவிட்டது.

அவருடைய உண்மையான சாதனையே பெரியது. ஒவ்வொரு கருவியையும் படம் போட்டு, எதற்கு, எப்படிப் பிடிப்பது என்று எழுதிவைத்தார். சீழ்க்கட்டியைக் கீற ஒரு கத்தி, நோயாளி பார்த்துப் பயப்படாதபடி அலகு உள்ளே மறைந்திருக்கும். எனக்கு அதைப் படித்தபோதுதான் அவர்மேல் மதிப்பு கூடியது.