விவாதம் நடக்கிறது, பதில் சொல்ல வேண்டியவர் வருவதில்லை

ஊடகச் சார்பு என்று பேச்செடுத்தால் நம்மூரில் எல்லோரும் உடனே கட்சிச் சேனல்களைக் கை காட்டுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2001 ஜூன் 30 அதிகாலையை நினைத்துப் பாருங்கள். மேம்பால வழக்கில் கலைஞர் கைது. சன் டிவி வைத்திருந்த வீட்டில் 77 வயதுத் தலைவரைப் போலீசார் இழுத்துப் போகிறார்கள், அவர் அலறுகிறார். அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. ஜெயா டிவி வைத்திருந்த வீட்டிலோ, முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் போலீசாருடன் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒரே வீடு, ஒரே இரவு, வெட்டி ஒட்டியது மட்டும் வேறு. ஆனால் யார் எந்தப் பக்கம் என்பது டீக்கடையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு மக்கள் டிவி, கலைஞர் டிவி, கேப்டன் டிவி, நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு சேனல் வந்தபோதும் இதே கதைதான்.

நான் பயப்படுவது தினமும் இரவு நடக்கும் அந்த ஒரு மணி நேர விவாதத்தைப் பார்த்துத்தான். சேனல் நடுநிலை என்று சொல்லிக்கொள்கிறது. நாலு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் பெயருக்குக் கீழே ‘அரசியல் விமர்சகர்’, இன்னொருவருக்கு ‘மூத்த பத்திரிகையாளர்’, மற்றொருவருக்கு ‘வலதுசாரி சிந்தனையாளர்’. இவர்களில் பலர் எந்தக் கட்சிக்குப் பேச வந்திருக்கிறார்கள் என்பது நெறியாளருக்குத் தெரியும், பார்க்கிற நமக்குச் சொல்லப்படுவதில்லை. 2021 ஜூலையில் அதிமுக இனி விவாதங்களுக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்று அறிவித்தது. அதற்கு முன் பாஜகவும் புறக்கணித்துப் பார்த்தது. நிகழ்ச்சி ஒரு நாளாவது நின்றதா? ‘ஆதரவாளர்’ என்று யாரையாவது பிடித்து உட்கார வைத்து நடத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

மின்கட்டணம் உயர்ந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மின்துறை அமைச்சர். கூச்சல் போட்டு அடித்துக்கொள்வதோ அந்தக் கோப்பைக் கண்ணால்கூடப் பார்க்காத இரண்டு பேர். ‘உங்க ஆட்சியில நடக்கலையா?’ என்று ஒருவர் கேட்டதும் அன்றைய கேள்வி செத்துவிடுகிறது. தலைவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கலைஞர் நிருபர்களிடம் கோபப்படுவார், மடக்குவார், சிலேடையில் நழுவுவார். ஆனாலும் வந்து உட்காருவார். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது நிருபர்களைச் சந்தித்ததே அரிது. விமர்சித்தவர்கள் மீது அவதூறு வழக்குகள் குவிந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் கண்டிக்கும் அளவுக்குப் போனது. டெல்லியில் மோடி, 2014இல் பிரதமரானதிலிருந்து இந்தியாவில் தனியாக உட்கார்ந்து நிருபர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னதில்லை. 2019 மே 17 அன்று கட்சி அலுவலகத்தில் வந்து அமர்ந்தார். கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் அமித் ஷா. ஸ்டாலின் அரசு 2021இல் பத்திரிகைகள் மீதிருந்த அவதூறு வழக்குகளைத் திரும்பப் பெற்றபோது மனதார வரவேற்றேன். அதே அரசுதான் 2024இல் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது குண்டர் சட்டத்தைப் போட்டது. பெண் போலீசாரைப் பற்றி அவர் பேசியது அசிங்கம், அதற்குச் சாதாரணச் சட்டத்தில் வழக்கு உண்டு. குண்டர் சட்டம் எதற்கு? உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நேர்மையாகக் கேட்க நினைக்கும் சேனலின் கழுத்தில் எப்போதும் ஒரு கை இருக்கிறது. சன் டிவியையும் கேபிள் விநியோகத்தையும் கையில் வைத்திருந்த மாறன் சகோதரர்களோடு கலைஞர் குடும்பத்துக்குப் பிணக்கு வந்த 2007இல் பிறந்தது அரசு கேபிள் நிறுவனம். குடும்பம் சேர்ந்ததும் அதுவும் படுத்துவிட்டது. 2011இல் ஜெயலலிதா அதை எழுப்பி மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தார். மக்களுக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சேனல் எந்த எண்ணில் தெரியும் என்ற சாவி அரசின் கைக்குப் போய்விட்டது. 2018 ஜூனில் கோவையில் நடத்திய ஒரு வட்டமேசை விவாதத்துக்காகப் புதிய தலைமுறை மீது போலீஸ் வழக்குப் போட்டது. அதே நாட்களில் அரசு கேபிளில் அந்தச் சேனல் கண்ணில் படாத தூரத்துக்குத் தள்ளப்பட்டது. ஆட்சி மாறியதும் அந்தச் சாவியை யாரும் தூக்கி எறியவில்லை.

அதனால் நெறியாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எந்தத் துறை பற்றிய விவாதமோ அந்தத் துறை அமைச்சரை அழையுங்கள். எதிர்க்கட்சி பற்றியதென்றால் அதன் தலைவரை அழையுங்கள். வரவில்லையா, ‘அழைத்தோம், வரவில்லை’ என்று அந்த ஒரு மணி நேரமும் திரையின் அடியில் ஓட விடுங்கள். அரசு விளம்பரம் நின்றுவிடும் என்பீர்கள். ஒரே ஒரு சேனல் செய்தால் நிற்கும், கேபிளில் கடைசி எண்ணுக்கும் போகும். பத்து சேனலும் ஒரே இரவில் செய்தால், எல்லோரையும் கடைசிக்குத் தள்ள எந்த அரசிடமும் இடம் இருக்காது.